வாசலில் நிற்கும் பிள்ளைகள்

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் பினாங்கு, கெடா, வட பேராக் பக்கத்துத் தமிழர் வீடுகளில் ஒரு கேள்வி தானாக வந்துவிடும். "இந்த வருஷம் செயின்ட் ஆன்ஸ் போறீங்களா?" கேட்கிறவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் குடும்பங்கள் பல, ஜூலையில் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும். எங்கள் வீட்டுப் பூசையறையில் முருகன் படம்தான் நடுவில். ஆனாலும் சுங்கை பட்டாணியில் இருந்த என் பெரியம்மா ஆண்டுதோறும் அந்த ஆலயத்திலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து அதே அறையில் வைப்பார்.

கடந்த ஜூலையில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் தனியாகக் கிளம்பினேன். அதற்குக் காரணம், என் காலை நிகழ்ச்சிக்கு நேயர் ஒருவர் அனுப்பியிருந்த குரல் பதிவு. "ஊர் ஊரா கோயிலைப் பத்திப் பேசுறீங்க. எங்க கோயில் வாசல்ல நிக்கிற பிள்ளைங்களைப் பத்தி ஒரு நாள் பேசுங்கம்மா. பத்து நாளும் நின்னு நின்னு அதுங்களுக்குக் காலே வீங்கிப் போகுது" என்று சொல்லியிருந்தார் அந்த அம்மா. வானொலியில் பேசுவதற்கு முன் ஒரு முறை போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

தண்டவாளத்தில் நான்கு மணி நேரம்

கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் புக்கிட் மெர்தாஜம் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். ஈப்போ தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள், பிறகு புக்கிட் பெராபிட் சுரங்கப்பாதையின் இருட்டு, தைப்பிங், அதன்பின் இரு பக்கமும் தண்ணீராய் விரியும் புக்கிட் மேரா ஏரி. பாரிட் புந்தார் நெருங்கும்போது ஜன்னல் முழுக்க வயல். ஜூலை மாதப் பெட்டியில் ஒரு வித்தியாசம் தெரியும். மெழுகுவர்த்திப் பொட்டலமும் மடக்கு நாற்காலியுமாய் ஆட்கள் ஏறுவார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் பெட்ரோல் நிலையத்தில் கொடுக்கும் காலித் தண்ணீர்ப் போத்தல்கள் நான்கைப் பையில் வைத்திருந்தான். கேட்காமலே தெரிந்தது, எங்கே போகிறான் என்று.

புக்கிட் மெர்தாஜம் ரயில் சந்திப்பு நிலையம். பட்டர்வொர்த்துக்குப் போகும் பாதையும் வடக்கே பாடாங் பெசாருக்குப் போகும் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. நிலையத்திலிருந்து கூலிம் சாலையில் இருக்கும் ஆலயத்துக்குச் சாதாரண நாளில் காரில் கொஞ்ச நேரம்தான். திருவிழா நாளில் கணக்கே வேறு. கிராப் ஓட்டிவந்த சீனப் பெரியவர் பாதி வழியிலேயே காரை ஓரங்கட்டி, "ஜாலான் காக்கி லாகி செப்பாட்" என்றார். நடந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாமாம். அவர் சொன்னது சரிதான்.

குன்றின் அடிவாரம்

ஆலயம் இருப்பது செரோக் தோக்குன் என்ற பகுதியில், மலையடிவாரத்தில். காலையில் மலையேறுகிறவர்கள் வந்து போகும் காட்டுப் பூங்காவும் அருகில்தான். மலேசியத் தமிழர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று இந்த ஆலய வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பல்லவ எழுத்து பொறித்த பழங்காலப் பாறை அது. 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அதே லோ 1834-இல் செபராங் பிறையில் கண்டெடுத்த இன்னொரு கல்வெட்டில் புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர் இருக்கிறது. கடற்பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற வேண்டுதலும் அதில் இருக்கிறது. அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில். சுமார் 1500 ஆண்டுகளாக இந்தக் கரைக்கு வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி.

லோ பாறையைப் பதிவு செய்த மறு ஆண்டு, 1846-இல், பிரெஞ்சு மறைபணியாளர்கள் இங்கே முதல் சிற்றாலயத்தை அமைத்தார்கள். முதலில் கூடியவர்கள் சீன விவசாயிகள். கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கப்பலேறி வந்த தமிழர்கள் அடுத்து வந்து சேர்ந்தார்கள். 1888-இல் எழுந்த பழைய கோயில் இன்றும் திருத்தலமாக நிற்கிறது. அவசரகாலத்தில் இந்தப் பகுதி 'கறுப்புப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டு ஆள் நடமாட்டமே நின்றுபோனது. பழைய கோயில் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. இப்போது நாம் பார்க்கும் பெரிய ஆலயம் 2002-இல் கட்டி முடிக்கப்பட்டது. 2019-இல் வத்திக்கான் இதற்கு 'மைனர் பசிலிக்கா' என்ற தகுதியைக் கொடுத்தது. 1962-இல் வேளாங்கண்ணிக்குக் கிடைத்த அதே தகுதி.

அன்னம்மாள் யார் என்று தெரியாதவர்களுக்கு: மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. ஜூலை 26 அவருடைய திருநாள். அதையொட்டி நவநாள், பல மொழித் திருப்பலிகள், மெழுகுவர்த்தி பவனி என்று பத்து நாள் அளவில் விழா நடக்கும். ஆங்கிலம், மாண்டரின், தமிழ், மலாய் என நான்கு மொழியிலும் வழிபாடு உண்டு. கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது என்பது பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி.

இத்தனை பேர் ஓர் இடத்துக்கு வந்தால் முதலில் தேவைப்படுவது பிரசங்கமா? இல்லை. கார் எங்கே நிறுத்துவது, கழிவறை எங்கே, தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு, பாட்டிக்கு உட்கார இடம் கிடைக்குமா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் இந்தப் பிள்ளைகள்.

"முதல்ல பாரு, அப்புறம் சிரி"

ஒரே நிறச் சட்டை, கழுத்தில் அட்டை. அட்டையில் பெயருக்குக் கீழே அவரவர் பேசும் மொழிகள். பதினேழு வயதிலிருந்து முப்பதுக்குள் இருப்பார்கள். கல்லூரி மாணவர்கள், தாதியர், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், சிங்கப்பூரிலிருந்து ஆண்டு விடுப்பை இதற்கென்றே சேர்த்து வைத்துக்கொண்டு வந்தவர்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. சாப்பாடும் தண்ணீரும் உண்டு. முட்டிவலித் தைலம் அவரவர் செலவு என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்.

மாலை ஷிப்ட் தொடங்கும் முன் அவர்கள் கூடிப் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்க அனுமதி கிடைத்தது. குழுவை நடத்தியவர் இருபத்தேழு வயதுப் பெண். பகலில் தனியார் மருத்துவமனையில் தாதி. மூன்று மொழி கலந்து மளமளவென்று பேசினார். அவர் சொன்னவற்றில் சில:

"யாரையும் எந்த மதம்னு கேட்காதீங்க. கோயிலுக்கு வந்திருக்காங்க, அது போதும்."

"உட்கார்ந்திருக்கிற பெரியவங்ககிட்ட நின்னுக்கிட்டுப் பேசாதீங்க. குந்திப் பேசுங்க. கண்ணுக்கு நேரா."

"வீல்சேரைப் பின்னாலிருந்து திடீர்னு தள்ளாதீங்க. முன்னால வந்து, 'தள்ளட்டுமா பாட்டி'ன்னு கேட்டுட்டுத் தள்ளுங்க."

"யாராவது கோபமா பேசினா பதில் சொல்ல அவசரப்படாதீங்க. வெயில்ல ஒரு மணி நேரம் பார்க்கிங் தேடிட்டு வந்திருப்பாங்க."

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது. "வந்தவுடனே சிரிச்சிடாதீங்க. முதல்ல அவங்க மூஞ்சியைப் பாருங்க. அழுதுக்கிட்டு வர்றவங்களும் இருப்பாங்க. முதல்ல பாரு, அப்புறம் சிரி."

வானொலியில் எங்களுக்குக் கற்றுக்கொடுப்பது நேர்மாறானது. ஒலிவாங்கியைத் திறக்கும் முன்பே சிரித்துவிட வேண்டும், அப்போதுதான் குரலில் சிரிப்பு கேட்கும். பத்து ஆண்டுகளாகத் தினமும் காலை ஆறு மணிக்கு முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோரை வரவேற்கும் வேலை என்னுடையது. எதிரே இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை. அந்த வசதி இருக்கும்போது அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அன்று மாலை அந்தத் தாதிப் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன்.

நம் கல்யாண வீடுகளில் வாசலில் நிற்கும் பெண்பிள்ளைகள் சந்தனம், கற்கண்டு கொடுத்துப் பன்னீர் தெளிப்பார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அழைப்பிதழோடு வருகிறவர்கள். இந்த வாசலில் அழைப்பிதழே கிடையாது. யார் வருவார்கள், எதற்காக வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேலை கடினமாவது அதனால்தான்.

பழைய உத்தியோகம்

கோயில் வாசலில் நிற்பது இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல. கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே ரோமாபுரித் திருச்சபையில் வாயில்காப்போர் என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். 251-ஆம் ஆண்டு வாக்கில் ரோமின் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தில் அவர்களைப் பற்றிய குறிப்பு வருகிறது. லத்தீனில் 'ஒஸ்தியாரியுஸ்'. குருத்துவத்துக்குப் படிக்கிறவர்கள் ஏற வேண்டிய படிகளில் அதுவும் ஒன்றாக நூற்றாண்டுக்கணக்கில் இருந்தது. அந்தப் பொறுப்பைக் கொடுக்கும்போது கோயில் சாவியைத் தொடச் செய்வார்கள். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தப் படிநிலையை எடுத்துவிட்டார். பட்டம் போனது, ஆனால் வேலை போகவில்லை. குருமாணவர்கள் தொட்ட சாவிக்குப் பதில் இப்போது செபராங் பிறைப் பிள்ளைகளின் கையில் வாக்கிடாக்கி.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்கத்தக்கது. பழைய வாயில்காப்போரின் கடமைகளில் உள்ளே விடக்கூடாதவர்களைத் தடுப்பதும் ஒன்று. இந்தப் பிள்ளைகளிடம் நான் பார்த்தது, உள்ளே வரத் தயங்குகிறவர்களை எப்படி அழைப்பது என்ற கவலையைத்தான்.

செருப்பும் நற்கருணையும்

தயங்குகிறவர்கள் நிறைய. பழைய திருத்தலத்தின் படிக்கட்டருகே நின்று பார்த்தால் தெரியும். நம் ஆட்கள் பலர் வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். அது கட்டாயமில்லை. ஆனால் "செருப்போட போலாம், பரவாயில்லை" என்று எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. மிதிபடாமல் ஓரமாக ஒதுக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். "கழட்டணும்னு அவங்க மனசுல தோணியிருக்கு. அதை நாம ஏன் வேணாங்கணும்?" என்றான் அங்கே நின்ற பாலிடெக்னிக் மாணவன்.

இதைவிடச் சங்கடமான இடம் நற்கருணை வரிசை. கத்தோலிக்க வழிபாட்டில் நற்கருணை அப்பத்தை வாங்கிக்கொள்வது அந்தத் திருச்சபையில் திருமுழுக்கு பெற்று, அதற்குரிய தயாரிப்போடு வருகிறவர்களுக்கு மட்டும். கோயில் பிரசாதம்போல் எல்லோருக்கும் உரியது என்று எண்ணி வரிசையில் நிற்கும் இந்துக் குடும்பங்கள் உண்டு. பல நூறு பேர் பார்க்க, ஒரு பெண்ணை வரிசையிலிருந்து விலக்கினால் அவர் மனம் என்ன பாடுபடும்? சும்மா விட்டால், வழிபாட்டின் மையமாகத் தாங்கள் நம்பும் ஒன்றைக் காக்கத் தவறியதாகும். இரண்டும் வேண்டாம் என்றால் இடையில் ஒரு வழி கண்டாக வேண்டும். இருபது வயதுப் பிள்ளையின் தலையில் இது பெரிய சுமை.

தமிழ்த் திருப்பலியில் அப்படி ஒன்று நடப்பதைப் பார்த்தேன். நெற்றியில் குங்குமமும் தலையில் மல்லிகையுமாக ஓர் அம்மா, கையில் குழந்தையோடு வரிசையில் வந்தார். பக்கத்து நடைபாதையில் நின்ற பெண்பிள்ளை அவரோடு சேர்ந்து நான்கடி நடந்தாள். முதலில் குழந்தையின் பெயரைக் கேட்டாள். பிறகு மெல்லிய குரலில், "அக்கா, ஃபாதர்கிட்ட போனதும் கையை இப்படி நெஞ்சுல குறுக்கா வச்சுக்குங்க. உங்களுக்கும் பாப்பாவுக்கும் ஆசீர்வாதம் குடுப்பாரு" என்று செய்து காட்டினாள். அந்த அம்மா ஒரு கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு முன்னால் போனார். ஃபாதர் குழந்தையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். திரும்பி வரும்போது அந்த அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சிதான்.

பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இப்படிச் செய்ய யார் சொல்லிக்கொடுத்தது?

"ஆசீர்வாதம் வாங்கலாம்னு டிரெயினிங்ல சொன்னாங்க அக்கா. கூட நடக்கணும்னு சொல்லல. அது நானா செய்யுறது." சற்றுப் பேசாமல் இருந்துவிட்டுத் தொடர்ந்தாள். "நான் பதினாலு வயசுல அப்பா அம்மாவோட வேற ஊருக்கு மாறிப் போனேன். அங்க ஒரு கோயில்ல எட்டு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாமப் போனோம். ஒருத்தர்கூட எங்க பேரைக் கேக்கல. சண்டை இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா யாரும் கேக்கல. அப்பா போறதையே நிறுத்திட்டாரு. இன்னைக்கு வரைக்கும் போறதில்ல."

அதனால்தான் அவள் முதலில் பெயரைக் கேட்கிறாள்.

எந்தத் தோட்டம்?

விசாரணை மேசையில் ஓர் இளைஞன் இருந்தான். வயது இருபத்துநான்கு. பத்து காஜாவில் தொழிற்சாலை வேலை. தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. தமிழ்ப் பூசை நேரம், பவனி செல்லும் வழி, மருத்துவ உதவி இருக்குமிடம் ஆகியவற்றுக்கான தமிழ் வாக்கியங்களை ஆங்கில எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருந்தான். "எங்க அம்மாச்சிதான் சொல்லிக்குடுத்தாங்க. 'நேரா போங்க'ன்னு சொல்லாத, 'நேராப் போங்கம்மா'ன்னு சொல்லுன்னாங்க" என்றான்.

அவன் மேசையில் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் தோட்டங்களின் பெயர். கலிடோனியா, வால்டோர், பைராம், மலக்கோஃப்... ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து பெயர், தொலைபேசி எண்.

"இது கோயில் ரெக்கார்டா?"

"இல்லக்கா, நம்மளே வச்சிருக்கிறது. முன்னெல்லாம் தோட்டத்துலேர்ந்து லோரி பிடிச்சு எல்லாரும் ஒண்ணா இங்க வருவாங்களாம். அப்புறம் தோட்டத்தை வித்துட்டாங்க, துண்டாடிட்டாங்க, ஆளுக்கொரு தாமானுக்குப் போயிட்டாங்க. இப்ப வர்ற பெரியவங்க கூட்டத்துல தேடிக்கிட்டே இருப்பாங்க, யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு. அதான் எழுதி வச்சுக்கிறேன்."

மறுநாள் பிற்பகல் அந்தப் புத்தகத்துக்கு வேலை வந்தது. எழுபத்தைந்து வயது இருக்கும், ஒரு பாட்டி தனியாக வந்து மேசைக்கு முன்னால் நின்றார். ஜொகூரில் மகன் வீட்டில் இருக்கிறாராம். மகன் காரை நிறுத்தப் போயிருக்கிறார். முப்பது வருடத்துக்குப் பிறகு வந்திருப்பதாகச் சொன்னார். அவருடைய கேள்வி வழி பற்றியது அல்ல.

"தம்பி, இங்க பால்மரம் வெட்டுன எங்க செட்டு ஆளுங்க யாராச்சும் வருவாங்களாய்யா?"

தம்பி மேசையைச் சுற்றி வந்து அவர் முன்னால் குந்தினான். "எந்தத் தோட்டம் பாட்டி?"

அவர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். எத்தனையாவது டிவிஷன் என்றும் சொன்னார். புத்தகத்தில் அந்தப் பெயர் இருந்தது. கீழே மூன்று எண்கள். முதல் எண் வேலை செய்யவில்லை. இரண்டாவதில் பேசிய பெண், பாட்டி விசாரித்த தோழியின் மகள். தோழி இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது.

அந்தச் செய்தியை யார் சொல்வது? தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி ஒரு கணம் பேசாமல் இருந்தான். பிறகு நாற்காலி இழுத்துப் பாட்டியை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். பாட்டி சத்தமாக அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு வந்த மற்றவர்களை வேறொரு பிள்ளை பார்த்துக்கொண்டாள். தம்பி எழுந்திருக்கவில்லை.

தோழியின் மகள் பண்டார் பெர்டாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். இருவரும் அதற்கு முன் பார்த்ததில்லை என்றுதான் நினைத்தேன். பாட்டியோ அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ பொறந்தப்போ நான்தான்டி உனக்கு முதத் தண்ணி ஊத்தினேன்" என்றார். மாலைப் பவனியில் இரண்டு பேரும் ஒரே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்டேன். பாட்டியின் மகன் பின்னால் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஜூலையின் நான்காவது ஞாயிறை, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாக அறிவித்தார். அன்னம்மாள் திருநாளை ஒட்டி வரட்டும் என்றுதான் அந்தத் தேர்வு. புக்கிட் மெர்தாஜத்தில் அதற்கு விளக்கமே தேவையில்லை. ஒரு பாட்டியின் பெயரால் நடக்கும் விழாவில், பேரப்பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு

எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளே அப்படிச் சொல்லவில்லை. தமிழ் பேசும் தன்னார்வலர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள் என்பது தாதிப் பெண்ணின் கவலை. படிப்பு, வேலை என்று கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். இங்கேயே இருக்கும் சிலருக்கும் தமிழில் பெரியவர்களோடு பேசக் கூச்சம். "இங்கிலீஷ்ல வெல்கம்னு சொல்றது ஈஸி. பாட்டிக்கு வெல்கம்னா புரியும். ஆனா அவங்களுக்குப் பதில் சொல்லணும்னு தோணாது இல்லையா?" என்றார்.

திருவிழாவின் கவர்ச்சியும் ஒரு சிக்கல்தான். பத்து நாளும் சட்டை போட்டு நிற்க ஆள் கிடைக்கும். படம் எடுத்துப் போடலாம், நண்பர்களைச் சந்திக்கலாம். "ஆகஸ்ட் மாசம் மழை பெய்யுற ஒரு சாதா ஞாயித்துக்கிழமை, காலைப் பூசைக்குக் குடையோட வாசல்ல நிக்க வர்றாங்க பாருங்க, அவங்களைத்தான் நான் கணக்குல வைப்பேன். புதுசா ஊருக்கு வந்தவங்க திருவிழா அன்னைக்கு வர மாட்டாங்க. அந்த மாதிரி நாள்லதான் வருவாங்க." எட்டு மாதம் யாரும் பெயர் கேட்காத கதையைச் சொன்ன பெண் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

இது கிறிஸ்தவ ஆலயத்தின் கேள்வி மட்டும் அல்ல என்று ரயிலில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன். நம் கோயில்கள், தமிழ்ச் சங்கங்கள், குடியிருப்பின் பொங்கல் விழா எல்லாவற்றிலும் மேடைக்கு ஆள் இருக்கிறது, பரிமாற ஆள் இருக்கிறது. முதன்முறையாக வந்து சுவரோரம் நிற்கும் குடும்பத்தைப் போய்ப் பெயர் கேட்க யாரையாவது நியமித்திருக்கிறோமா?

போக நினைப்பவர்களுக்கு

திருவிழாவுக்குப் போவதென்றால் ஜூலை 26-ஐ ஒட்டிய வார இறுதியில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். சிறுபிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும் குடும்பங்கள் நவநாளின் வாரநாட்களில் போவது நல்லது. இடிஎஸ் பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், அந்த வாரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தொப்பி, குடை, தண்ணீர் அவசியம். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். பல்லவ எழுத்துப் பாறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பசித்தால் பட்டணத்துக்குள் சீனர் கடை யாம் ரைஸ் பேர்போனது. நம் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பஞ்சமில்லை.

கூட்டம் வேண்டாம் என்றால் ஆகஸ்டில் போங்கள். மலை அப்படியே இருக்கும், பழைய கோயிலின் படிக்கட்டில் நிழல் இருக்கும், வாசலில் ஒன்றிரண்டு பிள்ளைகளாவது இருப்பார்கள். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் தாத்தா பாட்டி இருந்த தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொள்ள அங்கே ஒரு புத்தகம் இருக்கிறது.